சான்றிதழுக்கு முன் சிமென்டுக் கணக்கு: நெல்லைச் சீமையில் பசுமை வீடு கட்டுவோருக்கு

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வருவோரில் பலர், கான்கிரீட் தளம் போட்டு முடித்த பிறகே வருகிறார்கள். அதற்குள் அந்த வீட்டின் சிமென்டும் கம்பியும் செங்கல்லும் வெளியேற்ற வேண்டிய கரியமில வாயுவை உலைகளிலும் சூளைகளிலும் வெளியேற்றி முடித்திருக்கும். ஆகவே, எந்தத் தரமதிப்பீட்டின் கீழ் கட்டப் போகிறோம் என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்து பதிந்துகொள்ள வேண்டும்.

ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் வீடுகளுக்கென்றே ஒரு மதிப்பீட்டை வைத்திருக்கிறது. இந்தியாவின் இன்னொரு பசுமைத் தரமதிப்பீடான கிரிஹா அமைப்பில் 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டடங்களுக்கு ஸ்வகிரிஹா என்னும் எளிய பிரிவு உண்டு. இவற்றில் கட்டாய நிபந்தனைகள் நீங்கலாக, ஓரிடத்தில் விட்ட மதிப்பெண்ணைப் பெரும்பாலும் இன்னோரிடத்தில் ஈடுகட்டிவிடலாம். உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ் முறையிலோ ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருள்களில் பொதிந்த கார்பன் (அவற்றைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிட்ட கரியமில வாயு) ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிடத் தலா 20 சதவீதமாவது குறைத்தாக வேண்டும். அதன் மென்பொருள் இலவசம் என்பதால், சான்றிதழ் வாங்காதவர்கூட வீட்டின் அளவுகளைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சிமென்டு. தாழையூத்திலேயே ஆலை இருக்கிறது, பக்கத்துச் சரக்குதானே என்று நினைப்பவர்கள் உண்டு; அதில் மிச்சமாவது லாரி டீசல் மட்டுமே. ஏறக்குறைய 1,450 டிகிரி வெப்பத்துக்குச் சூளையை எரிக்கும் எரிபொருள் ஒருபுறம் புகைய, சுண்ணாம்புக்கல்லே சிதைந்து அதைவிடக் கூடுதலான வாயுவை விடுகிறது. 50 கிலோ சாதாரண போர்ட்லண்ட் சிமென்டு மூட்டை ஒன்றுக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 40 கிலோ வாயு. நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்டில் சுமார் 30 சதவீதம் சாம்பல் இருந்தால், மூட்டைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் குறையும். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை என்னும் வழக்கமான மனக்கணக்கின்படி நான்கு டன் மிச்சம். தேவைக்கு மேல் கம்பியும் கனமும் போடாதபடி கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போடச் சொல்லுவதும் இதே அளவு முக்கியம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூட்டிப் போடும் கம்பிதான் பல வீடுகளில் வீண் சுமை.

பிபிசியில் ஒரு நிபந்தனை உண்டு: அது மெதுவாகவே இறுகும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் விட வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று, காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது; தளத்தில் மயிரிழை வெடிப்பு கண்டதும் கொத்தனார் சிமென்டின் மேல் பழி போடுவார். தளத்தின் மேல் சிறு சிறு பாத்திகளாகக் கலவை வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள். தூண்களைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, கயிற்றால் இறுக்குங்கள். முட்டுப் பலகையைப் பிரிக்கவும் அவசரம் காட்டக் கூடாது.

சுவருக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல் கிடைக்கிறது; சூளையில் சுடாதது என்பதே அதன் சிறப்பு. ஆனால் ஒரு கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓரம் உதிராததைப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய வீட்டை இடித்துக் கட்டுவோர், பனங்கைகளையும் (கூரை தாங்கும் பனைமரச் சட்டங்கள்) தேக்கு நிலைகளையும் நாட்டு ஓடுகளையும் மீண்டும் பயன்படுத்தினால் அதற்கும் மதிப்பெண் கேட்கலாம். இதற்குக் கடைச் சீட்டு இருக்காது. நான் மேற்பார்த்த ஒரு வீட்டில் நாற்பது பனங்கைகளைச் சேர்த்தும், ஆதாரம் இல்லாமல் அந்த மதிப்பெண் கைவிட்டுப் போனது. ஆகவே இடிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணிட்டு, தேதியுடன் ஒளிப்படம் எடுத்து, சிமென்டு, கம்பிச் சீட்டுகளுடன் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.