செல்லிலும் நீரிலும் பெராக்சைடைத் தேட ஓர் ஒளிர் சாயம்: தொடக்கநிலைச் செய்முறை

செல்களுக்குள் உண்டாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் காண ஆய்வகங்களில் பரவலாகக் கையாளப்படுவது டி.சி.எஃப்.எச்.-டி.ஏ. என்னும் சாயம். தன்னளவில் ஒளிராத இச்சாயம் செல் சவ்வைக் கடந்து உள்ளே சென்றதும், எஸ்டரேஸ் நொதிகள் அதன் இரு அசிட்டேட் தொகுதிகளையும் வெட்டிவிடுகின்றன. எஞ்சும் மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிரும் டி.சி.எஃப். ஆகிறது.

முதலில் இருப்புக் கரைசலைத் தயாரிக்க வேண்டும். சாயத்தின் மூலக்கூறு எடை 487.3 ஆகையால், 4.87 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் செறிவு கிடைக்கும். அதைச் சிறு குழாய்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் −20 டிகிரி செல்சியஸில் வைக்கவும்.

கருப்புச் சுவர் கொண்ட 96 குழித் தட்டில் முந்தைய நாளே வளர்த்த செல்களை பி.பி.எஸ். என்னும் உப்புத் தாங்கல் கரைசலால் கழுவி, சீரமும் ஃபீனால் ரெட் என்னும் நிறங்காட்டியும் இல்லாத ஊடகத்தில் 10 மைக்ரோமோலாராக நீர்த்த சாயத்தை ஊற்றி, 37 டிகிரியில் 30 நிமிடம் இருட்டில் வைக்கவும். சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு. அது சாயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே வெட்டிவிடும். பிறகு இருமுறை கழுவி, சோதிக்க வேண்டிய பொருளைச் சேர்த்து, சுமார் 485 நானோமீட்டரில் தூண்டி 530 அருகே ஒளிர்வை அளக்கவும்.

ஒப்பீட்டுக் குழிகள் இல்லாத அளவீட்டுக்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து. சாயமில்லாத செல்கள், செல்லில்லாத சாயம், 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு இட்ட செல்கள், என்-அசிட்டைல் சிஸ்டைன் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பியை முன்கூட்டியே கொடுத்த செல்கள் ஆகிய நான்கும் அதே தட்டில் இருக்க வேண்டும். இத்தனை கவனம் ஏனெனில், இச்சாயம் பெராக்சைடுடன் நேரடியாக வினைபுரிவதே இல்லை. இரும்பு அயனியோ பெராக்சிடேஸ் நொதியோ சைட்டோகுரோம் சி என்னும் புரதமோ இடையில் நின்று அந்த வினையை நடத்துகின்றன. ஆகவே இறக்கும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசிந்தால், பெராக்சைடு கூடாமலேயே ஒளிர்வு கூடிவிடும். தூண்டும் ஒளியும்கூடச் சாயத்தை ஆக்சிஜனேற்றும் என்பதால், நுண்ணோக்கியின் கீழ் ஒரே இடத்தை நெடுநேரம் உற்றுநோக்கலாகாது. அறிக்கையில் “பெராக்சைடு கூடியது” என்று எழுதாமல் “சாயத்தின் ஆக்சிஜனேற்றம் கூடியது” என்று எழுதுவதே நேர்மை.

நீர் மாதிரிக்கு வழி வேறு. கெஸ்டன், பிராண்ட் என்னும் ஆய்வாளர்கள் 1965-இல் இச்சாயத்தைப் பெராக்சைடு அளக்கப் பயன்படுத்தியதும் செல்லுக்குள் அன்று, பெராக்சிடேஸ் கலந்த கரைசலில்தான். நீரில் எஸ்டரேஸை நம்ப முடியாது. எனவே எத்தனாலில் கரைத்த சாயத்துடன் 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 30 நிமிடம் இருட்டில் வைத்து அசிட்டேட்டுகளை நீக்கி, பி.எச். 7.2 ஃபாஸ்பேட் கரைசலால் நடுநிலையாக்கிய பின், மாதிரியையும் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸையும் சேர்க்கவும். குளத்து நீரிலுள்ள மட்குப் பொருள்கள் தாமே ஒளிரக்கூடியவை. எனவே அளவுக்கோட்டைக் காய்ச்சி வடித்த நீரில் வரையாமல், அதே குளத்து நீரில் தெரிந்த அளவு பெராக்சைடைச் சேர்த்து வரையவும். மாதிரியில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, சாயம் சேர்ப்பதற்கு முன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியிட்டுச் சிறிது நேரம் வைத்தால், அதில் எவ்வளவு ஒளிர்வு குறைகிறதோ அவ்வளவே பெராக்சைடால் வந்தது.