வேலை போகும்போது வைக்கக்கூடாத கையெழுத்தும் வேறு சில தவறுகளும்

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தபோது, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கங்களில் கார்மென்ற் வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே கேள்விதான்: ஓடர் பங்களாதேசுக்கோ வியட்நாமுக்கோ போய்விட்டால் எங்கட கதி என்ன? ஓகஸ்டில் தீர்வை 20 வீதமாக இறங்கிய பிறகும் "லைன் குறைக்கப் போறாங்களாம்" என்ற ஆட்குறைப்புக் கதை ஓயவில்லை.

லைன் குறையும்போதெல்லாம், முன்பு அகப்பட்டவர்கள் விட்ட பிழைகளையே புதிதாக அகப்படுபவர்களும் விடுகிறார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போகும் சங்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே விடுகிறார்கள். அடையாள அட்டைப் பிரதி கொண்டுபோக மறப்பது, படிவத்தில் வெட்டித் திருத்துவது போன்றவை இங்கே இல்லை. அவற்றை ஒருமுறை திரும்பிப் போய்ச் சரிசெய்யலாம். இங்கே இருப்பவற்றில் பலதைத் திருத்தவே முடியாது.

இறக்குமதிப் போட்டிக்கென்று தனி உதவி தேடி அலைவது

அப்படி ஒரு திட்டம் அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. வெளிநாட்டுப் பொருளின் போட்டியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் வருமான உதவியும் கொடுத்தார்கள். 2022 யூலை 1இலிருந்து அங்கேயே புதிய விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில்லை. இலங்கையில் அப்படியொரு திட்டம் இல்லை, வேலையின்மைக் காப்புறுதியும் இல்லை. இருப்பது நான்கு: நட்டஈடு (வேலையிலிருந்து நிறுத்தியதற்கானது), பணிக்கொடை (செய்த சேவைக்கானது), ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.), ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.ரி.எப்.).

நிறுவனத்துக்கு ஓடர் எதனால் குறைந்தது என்பது இந்த நான்கின் கணக்கையும் மாற்றாது. ஆனால் தொழில் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் அரைப் பக்கம் அமெரிக்கத் தீர்வைக் கதையாக இருக்கும், வேலையில் சேர்ந்த திகதி இருக்காது. அங்கே வேண்டியது சேர்ந்த திகதி, நிறுத்திய திகதி, கடைசிச் சம்பளம், ஈ.பி.எப். இலக்கம், தொழில் வழங்குநரின் சரியான பெயர். ஒரு பக்கம் போதும்.

விலகல் கடிதத்தில் கையெழுத்து வைப்பது

எத்தனை தரம் சொன்னாலும் நடப்பது இது. சொல்லச் சொல்ல எரிச்சல்தான் மிச்சம்.

நடக்கும் விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பத்துப் பேராகக் கூப்பிடுவார்கள். மேசையில் அச்சடித்த தாள், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பெயர், ஊழியர் இலக்கம், திகதி ஆகியவற்றுக்கு மட்டும் புள்ளிக்கோடு. பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "இதில சைன் வைச்சால்தான் இந்த மாசச் சம்பளம் பாங்கில விழும், தங்கச்சி. பின்னேர பஸ்ஸுக்கு முதல் முடிச்சிடுவம்." தாளில் இருப்பதோ, "எனது சொந்த விருப்பத்தின் பேரில் பதவியிலிருந்து விலகுகிறேன், நிறுவனத்திடமிருந்து வேறெந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற இரண்டு வரி. நுண்நிதிக் கடனுக்குக் கிழமைக் காசு கட்ட வேண்டியவள் சம்பளம் விழாது என்றதும் வைத்துவிடுகிறாள். ஒருத்தி வைத்தால் பின்னால் நிற்கும் ஒன்பது பேரும் வைப்பார்கள்.

அந்த இரண்டு வரியால் போவது எவ்வளவு? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதியோ இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேராவது வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கையால் நிறுத்தினால் கதை வேறு. ஆணையாளர் அனுமதி கொடுத்தால் நட்டஈடும் சேர்த்தே தீர்மானிக்கப்படும். நீங்கள் "சொந்த விருப்பம்" என்று கையெழுத்து வைத்தால், சட்டம் கேட்கும் சம்மதத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிறது. ஆணையாளரிடம் போக வேண்டிய தேவை நிறுவனத்துக்கு இல்லாமல் போய்விடும். தாளை அவ்வளவு அவசரமாக நீட்டுவது அதற்காகத்தான்.

நட்டஈட்டுச் சூத்திரம் 2005இல் வர்த்தமானியில் வந்தது. முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு 2 மாதம், 15 முதல் 19 வரை 1.5 மாதம், 20 முதல் 24 வரை 1 மாதம், 25 முதல் 34 வரை அரை மாதம். எவ்வளவு கூடினாலும் 48 மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. ரூபாக் கணக்கிலும் ஓர் உச்ச வரம்பு உண்டு.

மாதச் சம்பளம் 30,000 ரூபா, சேவை 7 வருடம் என்று வையுங்கள். முதல் ஐந்து வருடத்துக்கு 12.5 மாதம், மிச்ச இரண்டுக்கு 4 மாதம், மொத்தம் 16.5. நட்டஈடு 495,000 ரூபா. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதம் வீதம் 105,000 ரூபா. தாளில் கையெழுத்து வைத்தவளுக்கு அந்த 105,000 மட்டும்தான், அதையும் "நாங்கள் தரும் விசேட கொடுப்பனவு" என்று சொல்லிக் கொடுத்த இடங்கள் உண்டு. பணிக்கொடை எவருடைய தயவும் இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் கொடுத்தே ஆக வேண்டிய காசு.

இதைவிட வயிறெரிவது மூன்று வருடக்காரரின் நிலைமை. "அஞ்சு வருசம் ஆகேல்லை, எனக்கு ஒண்டும் வராது" என்று தாங்களாகவே முதலில் போய் வைப்பவர்கள் இவர்கள். ஐந்து வருடக் கணக்கு பணிக்கொடைக்கு மட்டும்தான். நட்டஈட்டில் மூன்று வருடத்துக்கு 7.5 மாதம், அதே சம்பளத்தில் 225,000 ரூபா.

இன்னொரு வடிவமும் இருக்கிறது, அது இன்னும் நுட்பமானது. பெண்கள் திருமணத்தைக் காரணமாகக் காட்டி ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம், திருமணத்துக்கு முந்திய 3 மாதத்துக்குள்ளோ பிந்திய 5 வருடத்துக்குள்ளோ வேலையை விட்டிருக்க வேண்டும். தொழிற்சாலை குறைக்கும் நேரம் பார்த்து, "கலியாணத்துக்காக நிக்கிறன் எண்டு எழுதித் தாங்கோ, ஈ.பி.எப். கெதியா வரும்" என்று ஆலோசனை வரும். எழுதினால் ஈ.பி.எப். வரும், நட்டஈடு போகும். ஒரு அலுவலகத்தில் "கலியாணத்துக்காக விலகினேன்" என்று ஈ.பி.எப். கேட்கும் கே படிவம், மற்றதில் "என்னை நிறுத்திவிட்டார்கள்" என்ற முறைப்பாடு. இரண்டும் ஒரே மேசைக்கு வரும்போது எதை நம்புவார்கள்? முதலில் நட்டஈட்டு முறைப்பாட்டை முடியுங்கள், கே படிவம் காத்திருக்கும்.

ஆகவே, தாள் நீட்டப்பட்டால் செய்ய வேண்டியவை: பிரதி கேளுங்கள். தராவிட்டால் கைபேசியில் படம் எடுங்கள். "வீட்டில காட்டி நாளைக்குக் கொண்டு வாறன்" என்று சொல்லுங்கள். செய்த வேலைக்கான சம்பளத்தைக் கையெழுத்துக்காக நிறுத்தி வைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. காசைப் பெற்றதற்குக் கையெழுத்து வைக்கவே வேண்டியிருந்தால், பக்கத்தில் உங்கள் கையால் "சம்பளம் பெற்றேன். வேலையிலிருந்து விலகச் சம்மதிக்கவில்லை" என்று திகதியோடு தமிழிலேயே எழுதுங்கள்.

ஏற்கனவே வைத்துவிட்டவர்கள் அந்தக் கிழமைக்குள்ளேயே, எப்படி, யார் முன்னிலையில், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று எழுதி நிறுவனத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதியைத் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். நிச்சயம் வெல்லும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு எழுதினால் நம்பவைப்பது இன்னும் கடினம்.

"வீட்டில நில்லுங்கோ, கூப்பிடுறம்" என்றதும் நிற்பது

தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தியதாகவே பார்க்கப்படும். இங்கே சிக்கல் திகதியில். வாயால் சொன்னதற்குச் சான்று இல்லை. இரண்டு மாதம் கழித்து, "அறிவிக்காமல் வேலைக்கு வராததால் பதவியைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்" என்று பதிவுத்தபால் வரும். அதுவும் சேரும்போது கொடுத்த முகவரிக்கு. மீள்குடியேற்றக் காலத்தில் சொந்தக்காரர் வீட்டு முகவரி கொடுத்துவிட்டு, பிறகு விசுவமடுவுக்கோ நெடுங்கேணிக்கோ மாறியவர்களிடம் அந்தக் கடிதம் போய்ச் சேருவதே இல்லை.

நிற்கச் சொன்ன மறுநாளே, "இன்ன திகதியில் இன்னார் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார், நான் வேலைக்கு வரத் தயார்" என்று மூன்று வரிக் கடிதம் பதிவுத்தபாலில் போக வேண்டும். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தொழிற்சாலை பஸ் வராவிட்டால், ஓரிரு நாள் சேர்ந்து போய்க் கேற்றில் நின்று படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. முகவரி மாறியிருந்தால் இன்றைக்கே மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்.

ஆறு மாதத்தைத் தவறவிடுவது

முறைப்பாடு ஆணையாளரிடம் போனாலும் தொழில் நியாய சபைக்குப் போனாலும் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம். ஜி.எஸ். (கிராம சேவகர்), பொலிஸ், பாராளுமன்ற உறுப்பினர் என்று சுற்றிய நாட்களும் அதற்குள்தான்.

ஈ.பி.எப்.பையும் ஈ.ரி.எப்.பையும் ஒன்றாக நினைப்பது

ஈ.பி.எப்.பில் உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், நிறுவனம் போடுவது 12 வீதம். வேலை போனது என்பதற்காக மட்டும் அதை எடுக்க முடியாது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வர வேண்டும், அல்லது திருமணம், நிரந்தர இயலாமை, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போதல் போன்ற காரணம் வேண்டும்.

ஈ.ரி.எப். நிறுவனம் மட்டும் போடும் 3 வீதம். வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். ஒரு தொழிற்சாலையிலிருந்து அடுத்ததற்கு மாறியபோது கிடந்த சில்லறைத் தொகையை எடுத்துச் செலவழித்தவருக்கு, மூன்று வருடம் கழித்து உண்மையிலேயே வேலை போகும்போது கதவு பூட்டியிருக்கும். சிறிய தொகையைத் தொடாமல் விடுங்கள்.

நிறுவனம் தள்ளாடத் தொடங்கினால் முதலில் நின்றுபோவது இந்த இரண்டுக்குமான கட்டணமே. சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டியிருக்கும், கணக்கில் இருக்காது. கடைசி ஒரு வருடச் சீட்டுக்களையாவது எறியாமல் வைத்து, மத்திய வங்கியின் ஈ.பி.எப். நிலுவைக் கூற்றோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரையும் இலக்கத்தையும் பார்க்காமல் விடுவது

சேரும்போது ஈ.பி.எப். பதிவுக்காக நிரப்பிய ஏ.பி.எச். படிவத்தில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக, அடையாள அட்டையில் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலோடு இருக்கும். இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்துப் பிறகு எடுத்தவர்களுக்கு இது சாதாரணம். பழைய ஒன்பது இலக்க அட்டையோடு வேலையில் சேர்ந்து, 2016க்குப் பிறகு பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தவர்களுக்கு ஒரே ஆளின் பேரில் இரண்டு கணக்கு விழுந்திருக்கவும் கூடும். திருத்துவதற்கு நிறுவனத்தின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். கேற்றில் பூட்டுத் தொங்கிய பிறகு அந்த முத்திரைக்கு எங்கே போவது? வேலையில் இருக்கும்போதே செய்யுங்கள்.

கைக்கு வரும் தொகையை வைத்துப் பணிக்கொடை கணக்கிடுவது

ஓவர்டைமும் வருகைக்கான ஊக்கத்தொகையும் அதில் சேராது. அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும்தான். 30 நாளுக்குள் தராவிட்டால் தாமதத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கேட்கலாம்.

மேன்பவரில் (ஆள் வழங்கும் நிறுவனம் மூலம்) வந்தவர் தொழிற்சாலை மீது முறையிடுவது

சம்பளச் சீட்டின் தலைப்பில் யார் பெயர், யாருடைய ஈ.பி.எப். இலக்கம்? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அஸ்வெசும தானாக வரும் என்று இருப்பது

வராது. அரசின் இந்த நலன்புரிக் கொடுப்பனவு வீட்டுக்கான கணக்கு, ஆளுக்கானது அல்ல. விண்ணப்பம் கோரும் நேரத்தில் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும்.

சேவைக் கடிதம் வாங்காமல் வருவது

எத்தனை வருடம், எந்த மெசின், எந்த ஒப்பரேசன் என்று எழுதிய கடிதம் இருந்தால், நைற்றா (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) மூலம் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், முதலிலிருந்து பயிற்சி எடுக்கத் தேவையில்லை. "மெசின் ஒப்பரேட்டராக வேலை செய்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஓவர்லொக், பிளாட்லொக், சிங்கிள் நீடில் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.