ஏரியை மீட்டு ஆற்றுக்குப் பாதை திறக்க: ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏரியைத் தூர் வார வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்த மறுநாளே பொக்லைனுக்குச் சொல்லி அனுப்புவது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் வழக்கம். அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களைப் புல எண்வாரியாகப் பட்டியலிடும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்தப் புல எண் நீர்நிலைப் புறம்போக்காக உள்ளதா, பரப்பு எவ்வளவு என்று பார்த்து, அந்தப் புலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலையும் கிராம வரைபடத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும் என்பதால், மனு யாருக்குப் போக வேண்டும் என்பதும் அங்கேயே தெளிவாகிவிடும்.

அடுத்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரத்துக் கால்வாய் நெடுகவும் நடந்து பாருங்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் மேல் ஏரி கோடி போனால் (நிரம்பி உபரிநீர் வழிந்தால்) கீழ் ஏரி நிரம்பும்படி சங்கிலியாக அமைந்தவை. ஆகவே நம் ஏரி வறண்டு கிடப்பதற்கான காரணம் இரண்டு ஊர் தள்ளி, மண் மூடிய ஒரு சிறுபாலத்தில்கூட இருக்கலாம். கால்வாய் அடைபட்டிருக்க ஏரியை மட்டும் ஆழப்படுத்துவது வீண் செலவு என்பதே என் கருத்து. ஆக்கிரமிப்பு இருந்தால் யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டாமல், முதலில் நில அளவையரைக் கொண்டு எல்லைக்கல் நடச் செய்யுங்கள். நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் துணை நிற்கும்.

மனுவுடன் கிராம சபைத் தீர்மானத்தையும் இணைப்பது நல்லது. குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றுடன் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் சபை கூடுவதால் வாய்ப்புக்குக் குறைவில்லை.

மண் எடுக்கும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். வண்டல் மண்ணை விவசாயிகள் வட்டாட்சியரின் அனுமதி பெற்று வயலுக்கு எடுத்துச் செல்லலாம். ஏரியை ஒரே ஆழத்தில் தொட்டிபோல் வெட்டிவிடாமல், ஓரங்களைச் சரிவாகவும் கோரை வளரும் மேடாகவும் விட்டால்தான் கொக்கும் நாரையும் இரை தேட இடம் கிடைக்கும். கரையின் அடிவாரத்தை ஒட்டி மண் தோண்டக் கூடாது. சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. வேரோடு பிடுங்காவிட்டால் அது மீண்டும் தழைத்துவிடும்.

தென்பெண்ணை, சின்னாறு போன்ற ஆறுகளுக்கு ஊரார் இறங்கும் பாதை பல இடங்களில் முள்வேலிக்குள் போய்விட்டது. அது வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்காக இருந்தால் அளந்து மீட்கும்படி வட்டாட்சியரிடம் கேட்கலாம். பட்டா நிலத்தில் வெறும் வழக்கமாக நடந்துவந்த பாதை என்றால், உரிமையாளரோடு இணக்கமாகப் பேசி, ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதி வாங்குவதே நிலைக்கும். வாய்மொழிச் சம்மதம் நிலம் கைமாறும் நாளோடு முடிந்துவிடும்.

பாதை திறந்த கையோடு படித்துறையும் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் ஓசூர்ப் பக்கம் ஆகாது. பெங்களூருவின் கழிவுநீர் கலந்து வருவதால் கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரை பொங்கி ஓடுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். அங்கே நீரைப் பரிசோதிக்கும் வரை கரையோர நடைபாதை மட்டும் போதும். அனுமன்தீர்த்தம் போல ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் சேரும் கரைகளில், பழந்துணி போடத் தனித் தொட்டியும் வண்டி நிறுத்த ஆற்றை விட்டுத் தள்ளி ஓரிடமும் முன்கூட்டியே ஊராட்சியிடம் கேட்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.