தோட்டாக் கூடு கொஞ்சம் குட்டையாகிவிட்டால்

முதலில் நீளம் அளக்கும் வெர்னியரின் தாடைகளைத் துணியால் துடைத்து, மூடி, பூஜ்ஜியம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். அழுக்குத் தாடையில் எடுத்த அளவை நம்பி எந்தப் பித்தளைக் கூட்டையும் குப்பையில் போடக்கூடாது.

நான் வாளையாறைத் தாண்டி கஞ்சிக்கோட்டில் டூல்ரூம் வேலை பார்ப்பவன். டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் இலக்குச் சுடுதலில் ஆர்வமுள்ளவன். சுட்ட தோட்டாக் கூடுகளை அவனே திரும்ப நிரப்புகிறான். கூட்டின் வாயை அளவுக்கு வெட்டும் ட்ரிம்மரும் வைத்திருக்கிறான். "மாமா, ட்ரிம்மர் செட்டிங் நழுவி .308 ரைஃபிள் கூடெல்லாம் குட்டையாப் போச்சு, தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது. இங்கே உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

அளப்பதற்கு முன், சுட்டதில் விரிந்த கூட்டை அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையில் ஏற்றி இறக்க வேண்டும். டை அழுத்தும்போது பித்தளை கழுத்துப் பக்கம் நீளும். அதற்கு முன் எடுத்த அளவு பயன்படாது. அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலும், வாயில் பிசிறு நின்றாலும் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டையும் நீக்கிவிட்டு அளக்கவும்.

.308 வின்செஸ்டருக்கு அதிகபட்ச நீளம் 51.18 மி.மீ. வெட்டி நிறுத்தும் அளவு 50.93. அவன் கூடுகள் 50.80 சுற்றி நின்றன. கழுத்தே ஏறக்குறைய 7.7 மி.மீ. நீளம், அதில் 0.13 குறைந்தால் குண்டைப் பிடிக்கும் பிடி பெரிதாகத் தளராது. நான் தயங்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீளம் கூடினால்தான் உண்மையில் ஆபத்து: கூட்டின் வாய் சேம்பரின், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின், முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

வாயை மடக்கிக் குண்டைக் கவ்வவைக்கும் கிரிம்ப் போடுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். டை ஒரே இடத்தில் நிற்கும். குட்டைக் கூட்டுக்குக் கவ்வல் தளர்வாகவும் நீளமானதற்கு இறுக்கமாகவும் விழும். ஆகவே ஒரே நீளமுள்ளவற்றைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டையைத் திருத்துங்கள்.

இன்னொரு குட்டை இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். அடியிலிருந்து தோள்வரை, அதாவது கூடு கழுத்தை நோக்கிச் சரிந்து குறுகும் இடம்வரை, உள்ள நீளம். .308 சேம்பருக்குள் நிற்பது இந்தத் தோளில், வாயில் அல்ல. சைசிங் டை தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினால், சுடும்போது பித்தளை அடிப்பக்கத்தில் இழுபட்டு மெலியும். சில முறை சுட்டதும் அடி அறுந்து பிரியும். போல்ட் ரைஃபிளுக்குச் சுட்ட அளவிலிருந்து 0.03 முதல் 0.05 மி.மீ. தள்ளினால் போதும். இதை வெர்னியர் மட்டும் காட்டாது, வெர்னியரில் மாட்டித் தோளில் உட்காரவைக்கும் கம்பேரேட்டர் வேண்டும். அடிக்குச் சற்று மேலே வெளியில் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியால் உள்ளே தடவும்போது பள்ளம் தட்டினாலோ, அந்தக் கூட்டை நசுக்கிப் போடுங்கள். சேர்த்து வைத்த பாசமெல்லாம் அங்கே பார்க்கக்கூடாது.

.45 ஏ.சி.பி. கைத்துப்பாக்கித் தோட்டா போல வாயிலேயே சேம்பரில் நிற்கும் தோட்டாக்களுக்கு நான் சொன்ன சலுகை பொருந்தாது. அவற்றில் வாய் குட்டையானால் நிற்கும் இடமே மாறும்.

நல்ல கூடுகளையும் குட்டையானவற்றின் அளவுக்கு வெட்டிச் சமப்படுத்தலாம் என்று தோன்றும். வேண்டாம். குட்டைகளைத் தனி டப்பாவில் போட்டு அளவை எழுதி ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு முறை சுட்டுச் சைஸ் செய்யும்போதும் அவை கொஞ்சம் நீளும், 51.18-ஐ நெருங்கும்வரை ட்ரிம்மர் பக்கம் கொண்டுபோக வேண்டியதில்லை.