முக்திநாத் யாத்திரை: நிலநடுக்கத்துக்குத் தயாராவது எப்படி?

முக்திநாத் என்னும் திருச்சாளக்கிராமம் சேவிக்கச் சேலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "நேபாளத்துல பூமி ஆடுமாமே?" என்றுதான். ஆடும். 2015 ஏப்ரல் 25-ல் 7.8, மே 12-ல் 7.3 என்ற அளவில் ஆடியது. ஆனால் பத்து நாள் பயணத்தில் அப்படியொன்றில் மாட்டுவது அரிது. மலைச்சாலை ஜீப்தான் அதைவிட ஆபத்து. பயணத்தை நிறுத்த வேண்டாம், படுக்கப்போகும் கட்டடத்தைப் பாருங்கள்.

1. அறை பிடிக்கும்போது: மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய செங்கல் வீடு வேண்டாம், சுவர் அப்படியே சரியும். கான்கிரீட் கட்டடத்திலும் கீழ்த்தளம் முழுக்கப் பார்க்கிங், வெறும் தூண்கள் என்றிருந்தால் தவிர்க்கவும். பக்கச் சுவர் இல்லாத அந்தத் தளம்தான் முதலில் மடங்கும்.

2. நுழைந்ததும்: கட்டிலை ஜன்னல், நிலைக்கண்ணாடி, பீரோ பக்கமிருந்து நகர்த்துங்கள். ஷூவையும் டார்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டுங்கள். ஷூ தள்ளிக் கிடந்தால் இருட்டில் கண்ணாடிச் சில்லில்தான் கால் வைப்பீர்கள். மாடிப்படிக்கு எத்தனை கதவு தாண்ட வேண்டும் என்று எண்ணி வையுங்கள்.

3. ஆடும்போது: ஓடாதீர்கள். வாசலில்தான் கைப்பிடிச் சுவரும் செங்கலும் விழும். மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடியுங்கள். மேசை இல்லையென்றால் உட்சுவர் ஓரம் குனிந்து கைகளால் தலையை மூடுங்கள். படுத்திருந்தால் குப்புறத் திரும்பித் தலையணையால் தலையை மூடினால் போதும். நிலைப்படியில் நிற்பது பழைய யோசனை, பலனில்லை. மண் வீட்டின் தரைத்தளத்தில், இரண்டே எட்டில் வெட்டவெளி என்றால் மட்டும் வெளியே போகலாம்.

4. நின்றபின்: ஷூ போட்டு, லிஃப்டை விட்டுப் படியில் இறங்கி, சுவர்களை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பின்னதிர்வு வரும், பைக்காகத் திரும்பாதீர்கள்.

வழியில் இருந்தால் கவனம் வேறு. ஐப்பசி மழையில் ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய பாறைக்குக் கீழே யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். முக்திநாத் போகும் பொக்காரா–ஜோம்சோம் சாலையிலும் அதே கணக்குதான். அங்கே ஆறும் சேர்ந்துகொள்ளும்: 2015 மே மாதம் மியாக்தி மாவட்டத்தில் மலை சரிந்து காளி கண்டகி ஆற்றை அடைத்தது, பிறகு உடைந்து பாய்ந்தது. ஆற்றில் நீர் திடீரென்று குறைந்தால் படம் பிடிக்க இறங்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

5. செய்தி: அழைப்பு கிடைக்காமல் போகலாம், எஸ்எம்எஸ் போக வாய்ப்பு அதிகம். வீட்டில் ஒரே ஒருவருக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அவரே சொல்வதாகக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். ஏடிஎம்மும் ஓடாமல் போகலாம். சில்லறையாகப் பணத்தை பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையோடு இடுப்பிலேயே வையுங்கள்.