தேங்காய்த் தண்ணீரில் செல்லுலோஸ்: தட்டைத் தொடாதீர்கள்

காங்கேயத்துக் கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது ஓடும் தண்ணீரைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். அதைப் பிடித்துப் பாக்டீரியா செல்லுலோஸ் (பாக்டீரியா நெய்யும் ஜெல்லி போன்ற படலம்; நாட்டா டி கோகோ என்ற தின்பண்டம் இதுதான்) வளர்க்கப் புதிதாக இறங்குபவர்களோ, நான் முன்பு செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்து காட்டுகிறார்கள். பாத்திரத்தைக் கழுவுங்கள், கையைச் சுத்தமாக வையுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை.

தட்டை அசைப்பது

செல்லுலோஸை நெய்யும் கொமகடைபாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதனால் தட்டில் ஊற்றிய தேங்காய்த் தண்ணீர்க் கரைசலின் மேல்பரப்பில்தான், பாலாடை போல, படலம் கட்டும். நாளுக்கு நாள் அங்கேயே தடிக்கும்.

என் முதல் பெரிய முயற்சியில் 60 தட்டுகள். நான்காம் நாள் பார்க்க வந்த வியாபாரியிடம் ஒவ்வொன்றையும் பெருமையாகச் சாய்த்துக் காட்டினேன். படலம் ஓரத்தில் விட்டு, கரைசல் மேலேறி, உள்ளே மூழ்கியது. மூழ்கியது அதோடு சரி. மேலே புதிய படலம் முதலிலிருந்து தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் துண்டு போட்டபோது, புத்தகத் தாள்போல ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. சர்க்கரைக் காசும் போயிற்று, வியாபாரியும் போனார்.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். "தட்டை நகர்த்தவே இல்லை அண்ணா, காற்றுப் போகட்டும் என்று தினமும் இரண்டு முறை கலக்கி மட்டும் விட்டேன்" என்றார். கலக்கினால் படலம் வராது, திப்பி திப்பியாகத்தான் வரும். அதோடு, செல்லுலோஸே நெய்யாத திரிந்த செல்கள் பெருகிவிடும். அந்தத் திரவத்தையே அடுத்த முறைக்கு விதையாக ஊற்றும் தாய்க்கரைசலாக எடுத்து வைத்திருந்தார். கொட்டச் சொன்னேன்.

தட்டை அலமாரியில் வைத்த பிறகு கரைசலை ஊற்றுங்கள், ஊற்றிவிட்டுத் தூக்காதீர்கள். பார்க்காமல் இருக்க முடியாதென்றால், அதே கரைசலை ஒரு கண்ணாடிக் குடுவையிலும் ஊற்றி வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்.

நேற்றைய தண்ணீர்

பிடித்த சில மணி நேரத்தில் கொதிக்க வையுங்கள். விட்டால் காட்டு ஈஸ்ட் முந்திக்கொள்ளும். புளிப்புக்கான அசிட்டிக் அமிலத்தை ஆறிய பிறகு சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகி உங்கள் கண்ணுக்குத்தான் வரும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போதும். கூடக் கொட்டினால் கூட விளையும் என்பது பேராசை: மிச்சச் சர்க்கரையில் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாகிப் புளிப்பு ஏறும், விளைச்சல் இறங்கும்.

அம்மோனியம் சல்பேட்

பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் சத்தாகச் சேர்ப்பது இது. உரக்கடையில் வாங்காதீர்கள். சாப்பிடப்போவது மனிதர்கள்.

இறுக்கமான மூடி

வேண்டாம். துணி போதும்.

பூஞ்சை

சுரண்டாதீர்கள். தட்டோடு வெளியே.

எடை

நாட்டா டி கோகோ துண்டுகளாக விற்பதென்றால் ஈர எடை சரி. காய்ந்த தாளாகத் தருவதாக ஒப்புக்கொண்டால் கணக்கே வேறு: ஒரு கிலோ படலத்தில் ஏறக்குறைய 990 கிராம் தண்ணீர். முன்பணம் வாங்கும் முன் ஒரு துண்டைக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள்.