அமெரிக்காவில் சிறப்புத்துறைக் கல்லூரி: பிராந்திய அங்கீகாரம் வாங்கும் வழி

அமெரிக்காவில் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுப்பது அரசாங்கம் அல்ல. நம்மூர் மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைப்புக் கல்லூரியாகச் சேர்ந்துகொள்ளும் வழக்கமும் அங்கே கிடையாது. மாநில அரசு கல்லூரி நடத்த அனுமதி தரும். மத்திய கல்வித் துறை, அங்கீகாரம் தரும் அமைப்புகளை ஏற்றுக்கொள்ளும். கல்லூரியை எடைபோடுவது அந்த அமைப்புகளின் வேலை. அவை தனியார் உறுப்பினர் சங்கங்கள். சோதிக்க வருபவர்களும் வேறு கல்லூரிகளின் பேராசிரியர்கள், டீன்கள், நிதி அலுவலர்கள்தான்.

நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்ததால் 'பிராந்திய' என்ற பெயர் வந்தது. மிடில் ஸ்டேட்ஸ், நியூ இங்கிலாந்து, சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹையர் லேர்னிங் கமிஷன், தென் மாநிலங்களுக்கான சாக்ஸ், நார்த்வெஸ்ட், கலிபோர்னியாப் பக்கத்து வாஸ்க் ஆகியவை அந்த அமைப்புகள். இவற்றைக் கமிஷன் என்பார்கள். வாஸ்க் பக்கம் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கென்று தனிக் கமிஷன் உண்டு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதியால் வட்டார எல்லை சட்டப்படி போய்விட்டது. பேச்சில் மட்டும் பெயர் நிற்கிறது. ஆகவே எந்தக் கமிஷனிடம் போவது என்பதை இன்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதன் உறுப்பினர் பட்டியலைத் திறந்து, நூறு இருநூறு மாணவர்களோடு ஒரே துறையில் இயங்கும் கல்லூரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெர்க்லியின் ஸைதூனா கல்லூரி இஸ்லாமியக் கல்விக்கானது. டால்மேஜின் தர்ம ரெல்ம் பௌத்தப் பல்கலைக்கழகம் மூலநூல் வாசிப்பை மையமாக வைத்தது. இரண்டும் வாஸ்க்கிடம் அங்கீகாரம் பெற்றவை. அந்த வகைக் கல்லூரியை ஏற்கெனவே பார்த்துப் பழகிய கமிஷனிடம் உங்கள் பாடத்திட்டத்தை அ-ஆவிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பிராந்திய அங்கீகாரம் உங்களுக்குத் தேவையா? இறையியல் பள்ளிகளுக்கும், விவிலியக் கல்லூரிகளுக்கும், இசை மட்டும் சொல்லித்தரும் தனிக் கல்லூரிகளுக்கும் தனித்தனி அங்கீகார அமைப்புகள் உண்டு. அவற்றின் விதிகள் உங்கள் துறைக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் உங்கள் மாணவர் பாதியில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போதோ, முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போதோ பல இடங்களில் முதலில் பார்ப்பது பிராந்திய அங்கீகாரத்தைத்தான். பெரும்பாலான மாணவர்களுக்கு உங்கள் பட்டமே கடைசிப் பட்டம் என்றால் துறை அமைப்பே போதும். மேல்படிப்புக்குப் போவார்கள் என்றால் போதாது.

எத்தனை வருடம் ஆகும்?

ஸைதூனா 2009-இல் கல்லூரியாகத் தொடங்கி 2015-இல் அங்கீகாரம் பெற்றது. மாசசூசெட்ஸின் ஓலின் பொறியியல் கல்லூரி தன் முதல் வகுப்பை 2002-இல் சேர்த்து, அவர்கள் பட்டம் வாங்கிய 2006-இலேயே அங்கீகாரம் பெற்றது. ஓலினுக்குப் பின்னால் பெரிய அறக்கட்டளையின் பணம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். முதல் மாணவர் காலடி வைத்த நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வருடம் என்று கணக்கு வையுங்கள். முழு அங்கீகாரத்துக்கு ஒரு வகுப்பாவது படித்து முடித்து வெளியே போயிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. நான்காண்டுப் பட்டம் என்றால் குறுக்கு வழி இல்லை.

படிகள் இவை: மாநில அனுமதி, மாணவர் சேர்க்கை, கமிஷனிடம் தகுதி விண்ணப்பம், சுய ஆய்வு அறிக்கை, குழு வருகை, கேண்டிடேட் நிலை (முழு அங்கீகாரத்துக்கு முந்தைய இடைநிலை), இரண்டாம் வருகை, முதல் அங்கீகாரம். கேண்டிடேட் நிலையில் ஐந்து வருடத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய விதி. சில கமிஷன்கள் நான்கு வருடம்தான் தருகின்றன. ஆகவே அந்த நிலையை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கிய அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

கலிபோர்னியாவில் இன்னொரு கடிகாரமும் ஓடும். அங்கீகாரம் இல்லாமல் பட்டம் தர வரும் தனியார் கல்லூரிக்கு மாநிலம் தருவது தற்காலிக அனுமதி. இரண்டு வருடத்துக்குள் கேண்டிடேட் நிலை, ஐந்து வருடத்துக்குள் முழு அங்கீகாரம், அதுவரை இரண்டு பட்டப்படிப்புகளுக்கு மேல் கூடாது. சமயக் கல்லூரிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பாடமும் பட்டத்தின் பெயரும் சமயம் சார்ந்தவையாக மட்டுமே இருக்க வேண்டும். விலக்கை வாங்கிக்கொண்டு வணிக நிர்வாகப் பட்டம் தர முடியாது.

வேறொரு வழி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் நிழலில் தொடங்குவது. மினர்வா பல்கலைக்கழகம் அப்படித்தான் 2013-இல் கெக் பட்டமேற்படிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, 2021-இல் தனி அங்கீகாரம் பெற்றது. முதல் வகுப்பிலிருந்தே செல்லுபடியாகும் பட்டம் கிடைக்கும். விலை என்னவென்றால், பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் கடைசிக் கையெழுத்து தாய்க் கல்லூரியுடையது. பிரிந்து போகும்போது மாணவர் பதிவேடுகள் யாருக்கு என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆட்சிக்குழு

புதிய கல்லூரிகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நிறுவனர் தலைவர், மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர் என்ற டிரஸ்ட் அமைப்பு இங்கே எடுபடாது. சாக்ஸ் விதி வெளிப்படையானது: குறைந்தது ஐந்து உறுப்பினர்கள், தலைவருக்கும் மற்றவர்களில் பெரும்பான்மையோருக்கும் கல்லூரியில் சம்பளமோ, ஒப்பந்தமோ, குடும்ப வழி ஆதாயமோ இருக்கக் கூடாது. மிடில் ஸ்டேட்ஸில் கல்லூரியின் தலைமை நிர்வாகி ஆட்சிக்குழுவுக்குத் தலைமை தாங்கவே முடியாது.

துணைவிதிகளைத் திருத்தி எழுதினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. வருகைக் குழு கூட்டக் குறிப்புகளைக் கேட்கும். இரண்டு வருடக் குறிப்புகளில் எல்லாத் தீர்மானமும் 'ஒருமனதாக' நிறைவேறியிருந்தால், ஒரு தடவைகூட நிறுவனரின் யோசனை திருப்பி அனுப்பப்படவில்லை என்றால், அவர்களுக்குப் புரிந்துவிடும். நிர்வாகியை ஆட்சிக்குழு ஆண்டுதோறும் எழுத்தில் மதிப்பிட்ட ஆவணம் கட்டாயம் இருக்கட்டும். நிறுவனர் நாளைக்கே விலகினால் கல்லூரி ஓடுமா என்பதுதான் அத்தனை கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

பொதுக்கல்விப் பாடங்கள்

இளங்கலைக்கு 120 செமஸ்டர் கிரெடிட். அதில் பொதுக்கல்விக்கு, அதாவது சிறப்புத்துறைக்கு வெளியே எல்லோரும் படிக்க வேண்டிய பாடங்களுக்கு, சாக்ஸ் கேட்பது குறைந்தது 30. நியூ இங்கிலாந்து கமிஷன் 40. மானிடப் பண்பியல் (இலக்கியம், தத்துவம் போன்றவை) அல்லது நுண்கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் அல்லது கணிதம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் குறைந்தது ஒவ்வொரு பாடமாவது வேண்டும் என்கிறது சாக்ஸ்.

சிறப்புத்துறைக் கல்லூரி இங்கே ஒரு தந்திரம் செய்து பார்க்கும்: தொழில் பாடத்துக்குப் பெயர் மாற்றுவது. 'மூலிகை அடையாளம்' என்பதை 'தாவரவியல்' ஆக்குவது, 'ஒலிப்பதிவுக் கருவிகள்' என்பதை 'இயற்பியல்' ஆக்குவது. தொழில் நுணுக்கத்தை மட்டும் சொல்லித்தரும் பாடம் பொதுக்கல்வி ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. அதே சமயம், இசைக் கல்லூரி அலைகள், அதிர்வெண், ஒத்ததிர்வு, ஆய்வகக் கணக்கு எல்லாம் உள்ள ஒலியியல் பாடத்தை, இயற்பியலில் முதுகலை படித்தவரை வைத்து நடத்தினால் தாராளமாக ஏற்பார்கள். வருகைக் குழு பாடத்தின் பெயரைப் பார்த்து நம்பாது, வினாத்தாளைத்தான் கேட்கும்.

கிரெடிட் கணக்கையும் எண்ணுவார்கள். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வெளி வேலை. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 45 மணி வகுப்பும் 90 மணி வெளி வேலையும், மொத்தம் 135. உங்கள் பாடவிளக்கத்தில் வாரம் பத்துப் பக்க வாசிப்பும் ஒரே ஒரு கட்டுரையும் இருந்தால் 90 மணி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் அந்த ஒரு பாடத்தோடு நிற்காது, பத்துப் பாடவிளக்கங்களை எடுத்துவரச் சொல்வார்கள்.

ஆசிரியர் தகுதி

எல்லா ஆசிரியருக்கும் ஒரே அட்டவணை தயாரியுங்கள். பெயர், நடத்தும் பாடம், பட்டம், அந்தத் துறையில் முடித்த முதுகலை கிரெடிட், வேறு தகுதி என்று ஐந்து பத்திகள். இளங்கலை வகுப்புக்கு முதுகலைப் பட்டமும், நடத்தும் துறையில் 18 முதுகலை கிரெடிட்டும் என்பது நெடுநாள் அளவுகோல்.

பட்டமே இல்லாத வித்வானை, பரம்பரை வைத்தியரை, கைவினைஞரை வகுப்பெடுக்க வைக்கலாம். ஆனால் நியமனத்துக்கு முன்பே 'அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் கொள்கை' ஒன்று எழுதி நிறைவேறியிருக்க வேண்டும்: எத்தனை வருடம், எந்த வகைச் சான்று, யார் முடிவு செய்வது. 'புகழ்பெற்றவர்' என்ற ஒரு சொல் செல்லாது. அந்தப் பாடத்தின் எந்தப் பகுதிக்கு அவருடைய எந்த அனுபவம் என்று ஒன்றுக்கொன்று காட்டுங்கள். ஆளை எடுத்த பிறகு அவருக்கு ஏற்றபடி கொள்கை எழுதினால், கோப்பின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

கற்றல் விளைவை அளப்பது

மதிப்பெண் பட்டியல் சான்றாகாது என்பதை ஏற்கப் புதியவர்களுக்கு நேரமாகிறது. பாடத்திட்டம் முழுவதன் விளைவும் தெரிய வேண்டும். ஒரே ஒரு விளைவை எடுத்துப் பார்ப்போம்: 'மாணவர் ஒரு மூலநூல் பகுதிக்கு இரண்டு மாறுபட்ட உரைகளை ஒப்பிட்டு, தன் முடிவைச் சான்றோடு வாதிடுவார்.' இறுதியாண்டுக் கட்டுரைகளில் 20-ஐப் பெயர் மறைத்து எடுங்கள். நான்கு நிலைகள் உள்ள அளவுகோலை வைத்து இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் படிக்கட்டும். அந்த வகுப்பை நடத்தியவர் அதில் இருக்கக் கூடாது. 15 பேர் ஒப்பிடுவதில் மூன்றாம் நிலையைத் தொட்டார்கள், சான்று காட்டுவதில் ஒன்பதே பேர் என்று வந்தால் அதை அப்படியே எழுதுங்கள். பிறகு ஆசிரியர் கூட்டத்தில் என்ன மாற்றினோம், உதாரணமாக இரண்டாமாண்டில் மேற்கோள் பயிற்சி சேர்த்தோம் என்று குறிப்பு. அடுத்த வருடம் மீண்டும் அதே அளவு.

எல்லாமே 95 சதவீதம் என்று காட்டும் அறிக்கையைவிட இந்தத் தாள் பல மடங்கு மதிப்புள்ளது. கேண்டிடேட் நிலைக்கு ஒரு சுற்று, அங்கீகாரத்துக்கு இரண்டு சுற்றாவது முழுமையாக முடிந்திருக்கட்டும். வருகைக்கு முந்தைய மாதத்தில் மூன்று வருட அறிக்கைகளையும் உட்கார்ந்து தயாரித்தால், அதை வாசிப்பவருக்கு அரை மணியில் தெரிந்துவிடும்.

பணம்

வெளித் தணிக்கையாளர் கையெழுத்திட்ட நிதி அறிக்கை முதல் வருடத்திலிருந்தே வேண்டும். பின்னால் போய்ப் பழைய வருடங்களுக்குத் தணிக்கை செய்ய செலவும் கூட, சில சமயம் முடியாமலும் போகும். சும்மா ஒரு கணக்கு: 40 மாணவர், ஆளுக்கு 12,000 டாலர் என்றால் வருமானம் 4.8 லட்சம். ஆறு முழுநேர ஆசிரியர், ஆளுக்கு 70,000 என்றால் 4.2 லட்சம். வாடகை, நூலகத் தரவுத்தளச் சந்தா, காப்பீடு, பதிவாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் மீதி 60,000. இடைவெளியை நன்கொடை நிரப்புகிறது என்றால், எழுத்தில் உறுதிமொழி, தொகை, வருடம் மூன்றும் காட்டுங்கள். சேர்க்கை ஐந்து வருடத்தில் பத்து மடங்கு ஆகும் என்ற வரைபடத்தை யாரும் நம்புவதில்லை. சேர்க்கை பாதியாகக் குறைந்தால் எந்தச் செலவை எந்த வரிசையில் வெட்டுவீர்கள் என்ற ஒரு பக்கம் அதைவிட உதவும்.

சொல்லும் வார்த்தை

தகுதி விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் இணையதளத்தில் 'அங்கீகாரம் பெறும் நிலையில்' என்று போட்டுவிடுவது பரவலான தவறு. ஒவ்வொரு நிலைக்கும் கமிஷன் தரும் வாசகம் ஒன்று உண்டு. அதை எழுத்து மாறாமல் போடுங்கள், சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் சொல்வது உட்பட. கேண்டிடேட் நிலையில் கிடைத்த கிரெடிட்டை மத்தியக் கல்வித் துறை அங்கீகாரம் பெற்றதாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை ஏற்பதா என்பது மாணவர் மாறிச் செல்லும் கல்லூரியின் விருப்பம். இதையும் மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 விசாவில் மாணவர் எடுக்க நினைத்தால், அங்கீகாரம் வருவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற மூன்று கல்லூரிகளாவது உங்கள் கிரெடிட்டை நிபந்தனையின்றி ஏற்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டியிருக்கும். இந்தக் கடிதங்களுக்கு அலைவதற்கே ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

குழு வரும்போது

பொதுவாக இரண்டு மூன்று நாள் இருப்பார்கள். மாணவர்களையும் ஆசிரியர்களையும் நிர்வாகிகள் இல்லாமல் தனியே சந்திப்பார்கள். மாணவருக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். பத்துப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எதிர்வினை மோசமாக இருக்கும். ஆட்சிக்குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு வரவுசெலவுத் தொகையையும், பெரிய கவலை எது என்பதையும் தன் வாயால் சொல்லத் தெரிந்திருக்கட்டும். அறிக்கையில் நீங்களே ஒப்புக்கொண்ட குறையைக் குழு மன்னிக்கும். அவர்களாகக் கண்டுபிடித்ததைப் பரிந்துரையாக எழுதிவிட்டுப் போகும்.

கல்லூரியை மூட நேர்ந்தால் மாணவர்கள் எங்கே படித்து முடிப்பார்கள் என்ற திட்டத்தையும் கேட்பார்கள். அபசகுனம் என்று தள்ளிவைக்காமல் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: எந்தப் படிப்புக்கு எந்தப் படிப்பு ஈடு, என்ன கட்டணம், மதிப்பெண் சான்றிதழ்களை யார் வைத்திருப்பது, கேட்பவருக்கு யார் அனுப்புவது.